ஓட்டத்துக்கு வெளியே கரையும் நொடிகள்: பிராக்டிகல் பிஸ்டல் போட்டியில் கால்வேகம்

பிராக்டிகல் பிஸ்டல் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் சீக்கிரமே ஒரு கவலையைச் சொல்லிவிடுவார்கள்: "குறி ஓரளவு வருது, ஆனா அந்தப் பசங்க மாதிரி என்னால ஓட முடியாது." ஓட்டம் முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் டைமரை எடுத்து வைத்துக்கொண்டு நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், ஓட்டத்தில் போகிற நேரம் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன்னாலும், போய்ச் சேர்ந்த பின்னாலும்தான் பெரும்பாலான நொடிகள் கரைகின்றன. அந்த நொடிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் குறைப்பது என்பதுதான் இங்கே பேசப்போகும் விஷயம்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், போட்டியாளர் ஒரே இடத்தில் நின்று ஒரே இலக்கைச் சுடுவார். பிராக்டிகல் ஷூட்டிங் வேறு வகை. இதில் மைதானத்தில் தட்டிச் சுவர்கள், பீப்பாய்கள், ஜன்னல் வைத்த தடுப்புகள் எல்லாம் வைத்து ஒரு களம் அமைப்பார்கள். அதற்கு ஸ்டேஜ் என்று பெயர். அட்டை இலக்குகளும் இரும்புத் தகடுகளும் ஆங்காங்கே மறைந்தும் தெரிந்தும் நிற்கும். ஓரிடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்க முடியாது; நகர்ந்தே ஆக வேண்டும். பீப் சத்தம் கேட்டதும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, எந்த இலக்கை எங்கிருந்து சுடுவது என்று நீங்களே முடிவுசெய்து, கடைசிக் குண்டு வரை போக வேண்டும். கடைசிக் குண்டின் சத்தத்தோடு கடிகாரம் நிற்கும்.

1976இல் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் கூடியவர்கள் இதற்காக ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். அமெரிக்காவில் இதை நடத்தும் யு.எஸ்.பி.எஸ்.ஏ. 1984இல் வந்தது. துல்லியம், ஆற்றல், வேகம் என்ற மூன்றையும் அமைப்பின் முழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். மூன்றில் எதை விட்டாலும் ஜெயிக்க முடியாதபடிதான் மதிப்பெண் கணக்கும் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் கால்வேகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அட்டை இலக்கின் நடுப்பகுதி 'ஏ'. அதில் பட்டால் 5 புள்ளி. வெளியே வரவர 'சி', 'டி'. 9 மி.மீ. போன்ற குறைந்த ஆற்றல் குண்டுகளோடு 'மைனர்' கணக்கில் சுடுகிறவர்களுக்கு சி-க்கு 3, டி-க்கு 1. தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் 10 புள்ளி கழியும். இப்படிச் சேர்த்த மொத்தப் புள்ளியை, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். வருகிற எண் ஹிட் ஃபேக்டர். அந்த ஸ்டேஜில் அதிக ஹிட் ஃபேக்டர் எடுத்தவருக்கு முழு மதிப்பெண். மற்றவர்களுக்கு அதே விகிதத்தில்.

நீளமான ஸ்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிகபட்சம் 32 குண்டு, அதாவது 160 புள்ளி. நீங்கள் 150 புள்ளி எடுக்கிறீர்கள், நேரம் 25 நொடி. ஹிட் ஃபேக்டர் 6. அந்த ஸ்டேஜில் நின்று சுடும் இடங்கள் ஐந்து என்றால், இடையில் நான்கு நகர்வுகள். ஒவ்வொரு நகர்விலும் அரை நொடி மிச்சம் பிடித்தால் நேரம் 23 நொடி, ஹிட் ஃபேக்டர் 6.52. ஏறத்தாழ 9 சதவீத உயர்வு. அதுவும் ஒரு குண்டைக்கூடக் கூடுதல் வேகத்தில் சுடாமல். இதே முன்னேற்றத்தை விரல் வேகத்தில் தேடினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரே இலக்கில் அடுத்தடுத்து சுடும் இரண்டு குண்டுகளுக்கு இடையே உள்ள நேரத்தை 0.25 நொடியிலிருந்து 0.20 நொடிக்குக் கொண்டுவந்தால், 16 ஜோடிக்கும் சேர்த்து மிச்சமாவது 0.8 நொடி. அதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். போதாததற்கு, ஏ-யில் விழ வேண்டியது சி-க்குப் போகும் ஆபத்தும் உண்டு. இத்தனைக்கும் புதியவர்கள் விரல் வேகத்தைத்தான் விழுந்து விழுந்து பழகுகிறார்கள். வேகமாகச் சுடும் சத்தம் கேட்க நன்றாக இருக்கிறது, வேறென்ன காரணம்!

ஒரு நகர்வு என்பது எதெல்லாம்

நகர்வு நேரத்துக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. ஓர் இடத்தில் கடைசிக் குண்டு வெடித்த கணத்திலிருந்து அடுத்த இடத்தில் முதல் குண்டு வெடிக்கும் கணம் வரை. ஷாட் டைமர் ஒவ்வொரு குண்டுச் சத்தத்தையும் பதிவுசெய்வதால், இந்த இடைவெளி அதன் பட்டியலில் அப்படியே இருக்கும். 0.24, 0.26 என்று வரிசையாக வரும் எண்களுக்கு நடுவே திடீரென்று 2.90 என்று ஒன்று தெரிந்தால் அதுதான் நீங்கள் நகர்ந்த இடம்.

இந்த 2.90க்குள் மூன்று துண்டுகள் ஒளிந்திருக்கின்றன. கடைசிக் குண்டுக்குப் பிறகு கால் கிளம்பும் வரை. கிளம்பியதிலிருந்து புதிய இடத்தில் கால் பதியும் வரை. கால் பதிந்ததிலிருந்து முதல் குண்டு வரை. நடுத்துண்டு மட்டும்தான் ஓட்டம். கிரிக்கெட்டில் இரண்டாவது ரன்னுக்கு ஓடுகிறவர் ரன் அவுட் ஆவது பெரும்பாலும் கால் மெதுவாக இருப்பதால் அல்ல. கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது நிமிர்ந்து, பந்து எங்கே என்று பார்த்து, தயங்கிக் கிளம்புவதால்தான். இங்கேயும் இழப்பு இரண்டு முனைகளிலும்தான்.

இதற்கு ஓட்ட அறிவியலிலும் ஆதாரம் உண்டு. 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட்டே தன் உச்ச வேகத்தை எட்டியது 60 மீட்டரைத் தாண்டிய பிறகுதான். ஸ்டேஜில் நாம் ஓடுவது மூன்று மீட்டர், ஐந்து மீட்டர், என்றாவது பத்து மீட்டர். இவ்வளவு சின்னத் தூரத்தில் உச்ச வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிளம்புவது, நிற்பது, இவ்வளவுதான் மொத்த ஓட்டமும். அதனால்தான் இருபது வயதுக்காரரை ஐம்பது வயதுக்காரர் இந்தப் போட்டியில் முந்துவது அதிசயமில்லை.

உங்கள் இழப்பு எந்தத் துண்டில் இருக்கிறது என்று அறிய ஒரு சோதனை. இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி இல்லாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முழு வேகத்தில் போகும் நேரத்தை மட்டும் நண்பரை வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அதே தூரத்தைச் சுட்டுக்கொண்டே கடந்து, டைமரில் இடைவெளியைப் பாருங்கள். உதாரணத்துக்கு, வெறும் ஓட்டம் 1.6 நொடி, டைமர் காட்டும் இடைவெளி 2.9 என்று வந்தால், நடுவில் இருக்கும் 1.3 நொடி ஓட்டத்துக்கு வெளியே போனது. எந்த ஜிம்முக்குப் போனாலும் அந்த 1.3 குறையாது.

முதலில் குழல்

உத்திகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குண்டு நிரம்பிய துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் விளையாட்டு இது. நகரும்போது விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு அது தெளிவாகத் தெரியவும் வேண்டும். குழல் எப்போதும் களத்தின் பின்மேட்டை, அதாவது குண்டுகளை வாங்கிக்கொள்ளும் மண்மேட்டை, நோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் குறித்த எல்லைக் கோணத்தைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பிவிட்டால் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. எச்சரிக்கை, இரண்டாவது வாய்ப்பு என்றெல்லாம் கிடையாது. துப்பாக்கி கைநழுவிக் கீழே விழுந்தாலும் அதே தீர்ப்பு. பக்கவாட்டில் ஓடும்போது உடம்பு திரும்புகிற பக்கமே கையும் திரும்பப் பார்க்கும். பின்னோக்கி, அதாவது ஆட்கள் நிற்கும் பக்கமாக, வர வேண்டியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே கீழே சொல்லும் எதையும் முதலில் நடையில், பிறகு ஓட்டத்தில் என்றுதான் பழக வேண்டும். ஒரு ரேஞ்ச் ஆபீசரோ (சுடும் களத்தில் விதிகளையும் பாதுகாப்பையும் கவனிக்கும் நடுவர்) அனுபவப்பட்டவரோ பக்கத்தில் இருந்து குழலையும் விரலையும் மட்டும் கவனிக்கட்டும்.

கிளம்புதல்

புதியவர் ஓர் இடத்தை விட்டுக் கிளம்புவதைக் கவனித்தால் ஒரே வரிசைதான் தெரியும். கடைசிக் குண்டைச் சுடுகிறார். துப்பாக்கியைக் கொஞ்சம் தாழ்த்தி, அட்டையில் ஓட்டை விழுந்ததா என்று எட்டிப் பார்க்கிறார். நிமிர்கிறார். அடுத்த இடம் எங்கே என்று திரும்பிப் பார்க்கிறார். பிறகு முழங்காலை மடக்கி, உந்தி, கிளம்புகிறார். இதில் கடைசி வேலை மட்டும்தான் தேவையானது.

ஓட்டை தேடும் பழக்கத்துக்கு மருந்து காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. குண்டு வெடிக்கும் கணத்தில் குழல் முனையில் இருக்கும் முன்குறி, அல்லது ரெட் டாட் என்ற குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளி, எங்கே நின்றது என்று பார்த்திருந்தால் குண்டு எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். அட்டையைப் போய்க் கேட்க வேண்டியதில்லை. இதைப் பழகியவர்கள் கடைசிக் குண்டு சரியாகப் போனது என்று தெரிந்த அதே கணத்தில் கிளம்பிவிடுவார்கள். தவறியிருந்தால் அங்கேயே இன்னொன்று சுடுவார்கள். கால்வேகத்தைக் கூட்ட நினைக்கிற ஒருவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. நிறையப் பேர் இதை விட்டுவிட்டு ஷூவை மாற்றுகிறார்கள்.

அடுத்தது, நிற்கும் நிலை. நேராக நின்று சுட்டால், கிளம்பும்போது முதலில் கீழே இறங்கி அப்புறம்தான் உந்த முடியும். ஆரம்பத்திலிருந்தே முழங்காலை லேசாக மடக்கி, கால்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வைத்திருந்தால் அந்த இறங்கும் வேலை மிச்சம். வலப்பக்கம் போக இடது கால் தரையைத் தள்ள வேண்டும். இடப்பக்கம் போக வலது கால். ஆகவே கடைசி இலக்குக்கு வரும்போதே தள்ளப்போகும் காலில் எடை ஏறத் தொடங்கலாம். கடைசி இலக்கு பக்கத்தில் இருக்கும் சுலபமான அட்டை என்றால், அதைச் சுடும்போதே உடம்பு கிளம்பத் தொடங்கிவிடலாம். தூரத்து இரும்புத் தகடு என்றால் வேண்டாம். அதை நின்று நிதானமாக முடியுங்கள். எந்த இலக்கைக் கடைசியாக வைத்துக்கொள்வது என்பதை ஸ்டேஜுக்குள் நுழையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். சுலபமானதைக் கடைசிக்கு ஒதுக்குவது பொதுவாக லாபம்.

போய்ச் சேர்தல்

என் கணிப்பில் அதிக நேரம் வீணாவது இந்த முனையில்தான். ஓடி வந்து, தொம்மென்று காலை ஊன்றி நின்று, மூச்சு விட்டு, துப்பாக்கியை மேலே தூக்கி, இலக்கைத் தேடி, குறி பார்த்து... இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை.

கடைசி இரண்டு மூன்று அடிகளிலேயே துப்பாக்கி கண் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும்; இரண்டு கையும் பிடியில் இருக்க வேண்டும். சுவரின் ஓரத்தைத் தாண்டி இலக்கு கண்ணில் படும் கணத்தில், குறியும் அங்கே ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். இதைச் செய்ய அடிகள் சின்னதாக வேண்டும். ஓட்டத்தின் வேகத்தை ஒரே அடியில் முறித்தால் அந்த அதிர்வு இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறி, குறி மேலும் கீழும் குதிக்கும். அது அடங்கக் காத்திருக்க வேண்டும். மூன்று சின்ன அடிகளில், முழங்கால் மடங்கியபடி, இடுப்பைத் தாழ்த்தி வேகத்தைக் குறைத்தால் குறி அவ்வளவாக ஆடாது. தலை உயரம் மாறாமல் வருவதுதான் இதற்கு அடையாளம். பிரான்ஸின் எரிக் கிராஃபெல் 1999இல் பிலிப்பைன்ஸின் செபுவில் நடந்த உலகப் போட்டியில், துப்பாக்கியில் அதிக மாற்றங்களை அனுமதிக்கும் ஓபன் பிரிவின் பட்டம் வென்றவர், அதற்குப் பிறகும் பல பட்டங்கள். அவர் சுடும் காணொளிகளைப் பார்த்தால் அவசரப்படுகிறார் என்றே தோன்றாது. நேரத்தைப் பார்த்த பிறகுதான் புரியும்.

இன்னொரு தந்திரம் முதல் இலக்கைத் தேர்ந்தெடுப்பது. புதிய இடத்தில் கால் முழுதாக நிலைக்க ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தில் சுலபமான, கிட்டத்து அட்டையைச் சுட்டுவிட்டால் நிலைக்கும் நேரமும் வேலைக்கு ஆகிறது. கஷ்டமான இலக்கை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நுழையும்போது ஒரு சுலபம், வெளியேறும்போது ஒரு சுலபம். எல்லா ஸ்டேஜிலும் இப்படி அமையாது. அமைந்த இடத்தில் விட்டுவிடக் கூடாது.

தேவைக்கு மேல் உள்ளே போய் நிற்பதும் ஒரு நோய். சுவரோரம் வரை போய் ஒட்டிக்கொண்டு நின்றால் துப்பாக்கி இடிக்கும், தூரமும் கூடும், திரும்பி வெளியேறவும் நேரமாகும். இலக்கு எந்தப் புள்ளியிலிருந்து தெரியத் தொடங்குகிறதோ அந்தப் புள்ளி போதும். அதே சமயம் எல்லைக் கட்டைக்கு வெளியே கால் வைத்துச் சுட்டால் 10 புள்ளி போகும்.

நடுவில்

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றிரண்டு அடி என்றால் இரண்டு கையும் துப்பாக்கியிலேயே இருக்கட்டும். அதைவிட நீளம் என்றால் ஒரு கையை விடுவித்து, ஓட்டக்காரர் வீசுவதுபோல வீசி ஓடுங்கள். குழல் மட்டும் பின்மேட்டுப் பக்கமே. இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு பத்து மீட்டர் ஓடுவது யாருக்கும் வேகம் தராது.

மேகசின், அதாவது குண்டுகள் அடுக்கிய பெட்டி, மாற்றுவது இந்த நேரத்தில்தான். முதல் அடி எடுக்கும்போதே பழைய மேகசின் விழ வேண்டும், இரண்டாவது மூன்றாவது அடிக்குள் புதியது ஏற வேண்டும், மிச்சத் தூரம் முழுக்க ஓட்டம். கடைசி அடிகள் வரை மேகசினைத் தடவிக்கொண்டிருந்தால் துப்பாக்கியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவர நேரம் இருக்காது. மேலே சொன்ன முனை மறுபடி இழப்பாகிவிடும்.

அப்படியானால் நிற்காமல், நகர்ந்துகொண்டே சுட்டால் என்ன? சுடலாம். ஐந்து, ஏழு மீட்டருக்குள் இருக்கும் முழு அட்டைகளுக்கு அது நல்ல வழி. நின்று சுடும் இடம் ஒன்றே குறைந்துவிடும். குதிகாலில் தொடங்கி விரல் வரை பாதத்தை உருட்டி, முழங்காலை மடக்கி, தண்ணீர் ததும்பாத மாதிரி நடக்க வேண்டும். ஆனால் கணக்கு மறந்துவிடக் கூடாது. ஹிட் ஃபேக்டர் 6 உள்ள ஸ்டேஜில் ஒரு நொடி என்பது 6 புள்ளி. தவறவிட்ட ஒரு குண்டு என்பது கிடைக்காமல் போன 5, கழிந்த 10, ஆக 15 புள்ளி. அதாவது இரண்டரை நொடி. நகர்ந்தபடி சுட்டு அரை நொடி மிச்சம் பிடித்து ஒன்றைத் தவறவிட்டால் வியாபாரம் நஷ்டம். தவிரவும், நகர்ந்தபடி சுடுகிறேன் என்று ஆமை வேகத்தில் நகர்கிறவர், விருட்டென்று ஓடி நின்று சுடுகிறவரிடம் தோற்பார். புதியவர்கள் முதல் வருடம் இதைக் கிட்டத்து இலக்குகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தயக்கம் என்னும் திருடன்

ஸ்டேஜுக்கு முன்னால் களத்தை நடந்து பார்க்கச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். பெரும்பாலோர் அதில் இலக்குகளை எண்ணுகிறார்கள். எண்ணத்தான் வேண்டும். ஆனால் கால் எங்கே வைப்பது என்று பார்க்கிறவர்கள் குறைவு. ஒவ்வொரு இடத்திலும் தரையில் ஓர் அடையாளம், ஒரு கல், ஒரு புல் திட்டு, கட்டையில் ஒரு ஆணி, ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 'இங்கே இடது கால். முதலில் கிட்டத்து அட்டை, பிறகு தகடு, கடைசியில் மூலை அட்டை. கிளம்பும்போதே மேகசின்' என்று மனதுக்குள் படமாக ஓட்டிப் பாருங்கள். கண்ணை மூடினால் தடங்கலின்றி ஓட வேண்டும். எங்காவது படம் நின்றால், துப்பாக்கியோடு போகும்போதும் நீங்கள் அங்கேதான் நிற்பீர்கள். ஸ்டேஜ் நடுவில் 'அடுத்து எங்கே?' என்று யோசித்து நிற்கும் ஒரு நொடியை எந்தக் கால் பலமும் திருப்பித் தராது.

வீட்டில் பழகுவது

இதில் பெரும்பகுதியை ஒரு குண்டுகூடச் செலவழிக்காமல் வீட்டிலேயே பழகலாம். டிரை ஃபயர் என்பார்கள். விதி ஒன்றுதான், அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது: பழகும் அறையில் ஒரு குண்டுகூட இருக்கக் கூடாது. துப்பாக்கியையும் மேகசின்களையும் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை சோதித்த பிறகே தொடங்க வேண்டும். இலக்கை மாட்டும் சுவருக்குப் பின்னால் யாரும் இருக்கும் இடமாக இருக்கக் கூடாது. துப்பாக்கி வைத்துக்கொள்ள வழியில்லாத நாடுகளில் இருப்பவர்களுக்கு சின்ன பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் ஆடும் ஆக்ஷன் ஏர் போட்டி உண்டு. அதன் முதல் உலகப் போட்டி 2018இல் ஹாங்காங்கில் நடந்தது. கால் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

தரையில் டேப் ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டம் போடுங்கள். சுவரில் சின்ன அளவில் வெட்டிய அட்டைகள். முதல் கட்டத்தில் நின்று ஓர் இலக்கைக் குறி பார்த்தபடி தொடங்குங்கள். பீப் கேட்டதும் டிரிகரை ஒரு முறை அழுத்தி, நகர்ந்து, இரண்டாவது கட்டத்தில் வேறோர் இலக்கில் அழுத்த வேண்டும். டைமரில் இரண்டாவது பீப் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சத்தத்துக்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும். முதலில் சுலபமாக எட்டும் நேரம். பிறகு 0.1 நொடி குறையுங்கள். எட்டவில்லையென்றால் எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள்: கிளம்புவதிலா, சேர்வதிலா?

இதில் ஏமாற்று வேலை சுலபம். பீப்பை முந்துவதற்காகக் குறி நிலைக்கும் முன்பே அழுத்திவிடுவோம். குண்டு இல்லாததால் யாருக்கும் தெரியாது. நேரம் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து ரேஞ்சுக்குப் போனால் அட்டை உண்மையைச் சொல்லும். அழுத்திய கணத்தில் குறி ஏ-யில் இருந்ததா என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த முறை கணக்கில் வராது.

வலம், இடம் என்று மட்டும் பழகி நிறுத்திவிடாதீர்கள். முன்னால், பின்னால், குறுக்காக, ஒரே ஓர் அடி மட்டும் தள்ளி, இப்படி எல்லாத் திசையும் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். களைத்த பிறகு பழகினால் களைப்பின் பழக்கங்கள்தான் ஒட்டிக்கொள்ளும்.

வாரம் ஒரு முறையாவது யாரையாவது பக்கவாட்டில் நிற்க வைத்து போனில் படம் எடுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் வைத்தால் ஆறு ஃபிரேம் என்பது 0.1 நொடி. ரேஞ்சில் எடுத்த படமானால் கடைசிக் குண்டிலிருந்து கால் தூக்கும் வரை எத்தனை ஃபிரேம், கால் ஊன்றியதிலிருந்து முதல் குண்டு வரை எத்தனை ஃபிரேம், இந்த இரண்டு எண்களை மட்டும் நோட்டில் எழுதி வாருங்கள். மனதுக்குத் தோன்றுவதையும் படம் காட்டுவதையும் ஒப்பிட்டால் சிரிப்பு வரும். மின்னலாகக் கிளம்பியதாக நினைத்த இடத்தில் படத்தில் நீங்கள் ஓட்டை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உடம்பு

முனைகள் சரியான பிறகு உடம்பிலும் வேலை செய்யலாம். வாரம் இரண்டு நாள் போதும். உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச், பக்கவாட்டில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாவி, தாவிய இடத்தில் ஆடாமல் நிற்பது. இந்த மூன்றும் கிளம்புவதற்கும் நிற்பதற்கும் நேரடியாக உதவும். நிற்கப் பழகுவது கிளம்பப் பழகுவதைவிடக் கடினம். தொடையும் பின்தொடையும் வேகத்தை வாங்கிக்கொள்ளும் பலம் பெற வேண்டும். கூடவே ஐந்து முதல் பத்து மீட்டர் குறுஓட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு முழுதாகத் திரும்பும் வரை ஓய்வு. மூச்சு வாங்க வாங்க அடுத்தடுத்து ஓடினால் அது வேகப் பயிற்சியாக இருக்காது, வெறும் களைப்புப் பயிற்சி. மைல் கணக்கில் மெதுஓட்டம் இதயத்துக்கு நல்லது. ஸ்டேஜ் நேரத்துக்கு அதனால் ஆகப்போவது குறைவு. தரையில் ஏணி விரித்து டக் டக்கென்று கால் மாற்றும் பயிற்சியைப் பலர் போட்டுக்காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஸ்டேஜில் தேவைப்படுவது தரையைப் பலமாகத் தள்ளுவது. ஏணியில் அந்த வேலையே இல்லை என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நாற்பதைத் தாண்டியவர்கள் குதிகால் நரம்பையும் பின்தொடையையும் மதித்து நடக்க வேண்டும். ஐ.பி.எஸ்.சி. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு சீனியர், 60ஐத் தாண்டியவர்களுக்கு சூப்பர் சீனியர் என்று தனிப் பட்டங்களே வைத்திருக்கிறது. வயதானவர்கள் நிறைய ஆடும் விளையாட்டு இது. ஆட்டத்தின் அமைப்பும் உடம்புக்கு விரோதமானது. வெயிலில் காத்திருப்போம், மற்றவர்கள் சுட்ட அட்டைகளுக்கு ஒட்டுப் போடுவோம், பெயர் கூப்பிட்டதும் குளிர்ந்த காலோடு போய் முழு வேகத்தில் உந்துவோம். சதை பிடிக்கப் போதுமான ஏற்பாடு. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே எழுந்து நடந்து, நாலைந்து ஸ்குவாட் போட்டு, பின்பக்கம் ஓரமாகப் போய் இரண்டு சின்ன ஓட்டம் ஓடிவிட்டு வாருங்கள். சரளைத் தரையில் சாதாரண ஷூ வழுக்கும். மலைப்பாதையில் ஓடுவதற்கென்று விற்கும் பல்வைத்த ரப்பர் அடி ஷூ வாங்கிக்கொண்டால் நல்லது. மழை பெய்த மறுநாள் களத்தில் முதல் அடியை எவ்வளவு பலமாகத் தள்ளலாம் என்பதை நடந்து பார்க்கும்போதே காலால் தேய்த்துச் சோதித்துவிடுங்கள்.